விட்டுப் படித்த வரி

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசல் தெளித்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, பாசிப்பருப்புப் பாயசமும் வைத்து நாளை நல்லபடியாகத்தான் தொடங்கினேன். மத்தியானம் கூரியரில் ஒரு பென்டிரைவ் வந்தது. அதோடு நிம்மதி போயிற்று.

இந்த டைரி, மருந்துக் கம்பெனி ரெப் வருஷா வருஷம் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பது. பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவளுக்கு டைரியில் எழுத என்ன இருக்கிறது? கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மகளுக்குத் தலைவலி வந்த தேதி, அவ்வளவுதான். இந்த வாரம் மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் நீட்டி எழுதுகிறேன்.

என் மகள் வல்லிக்கு வருகிற 29ஆம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலைக்கான தேர்வு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, அப்படியே டைப் அடிக்க வேண்டும். பார்வை இல்லாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்? அவளுக்குப் பாம்புக் காது. பி.ஏ. முடித்த நாளிலிருந்து அவள் எழுதிப்போட்ட இடமெல்லாம், "பார்வை கிடையாதா? சரி, சொல்லி அனுப்புதோம்" என்றவர்கள்தான். வா என்று கூப்பிட்டவர்கள் இவர்கள் மட்டும். தேர்வை வீட்டிலிருந்தே அவளுடைய லேப்டாப்பில் எழுதலாம். அந்த லேப்டாப்தான் போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டது.

பென்டிரைவ் அனுப்பியது ஜெபசிங். வல்லியோடு பள்ளியில் படித்தவன், நாசரேத்துக்காரன், இப்போது தூத்துக்குடியில் பேங்கில் இருக்கிறான். அவனுக்கும் பார்வை கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் புலி. பழைய சிஸ்டத்தை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றச் சொல்கிறான். ஏறிவிட்டால் திரையில் இருப்பதை லேப்டாப்பே வாய்விட்டுப் படிக்குமாம். ஏறுகிற வரைக்கும் அது ஊமை. அதுவரை நான் படிக்க வேண்டும், வல்லி பட்டனை அழுத்துவாள், ஜெபசிங் போனில் ஸ்பீக்கரில் இருப்பான்.

படிப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டாக்டர் கையெழுத்தையே படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

பென்டிரைவைச் செருகினோம். ஏதோ படம் வந்தது. 'இன்ஸ்டால்' என்று இருந்ததை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பொலபொலவென்று கொட்டிற்று. பிறகு அப்படியே நின்றுவிட்டது. கீபோர்டில் ஒரு பொட்டு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது.

"கடைசில என்ன போட்டிருக்கு, ஆன்ட்டி?" என்று கேட்டான் ஜெபசிங். ஆன்ட்டியாம். அத்தை என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

படித்துச் சொன்னேன். ஐ ஓ எரர், டெவ் எஸ் டி பி, செக்டர், அப்புறம் ஒரு வண்டி நம்பர். நடுவில் இரண்டு மூன்று வரி கண்டதையும் போட்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக, விளக்கு எரிகிற வீட்டில் வாயில் வரக்கூடாத சொல். எந்த வெள்ளைக்காரன் எழுதினானோ, அவனுக்கு வெள்ளியும் கிடையாது செவ்வாயும் கிடையாது. அதை விட்டுவிட்டு மற்றதைச் சுத்தமாகப் படித்தேன்.

"பென்டிரைவ்லதான் கோளாறு போல" என்றான்.

ஜூலை 20, சனி

கடைக்குப் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் புது பென்டிரைவ் வாங்கி, அதில் அந்த லினக்ஸை எழுதி வாங்கி வந்தேன். போட்டோம். அதே கதை. எழுத்து கொட்டிற்று, நின்றது, பொட்டு விளக்கு சிமிட்டிற்று.

"வேற ஓட்டைல செருகிப் பாருங்க ஆன்ட்டி."

வலது பக்கம் இரண்டு ஓட்டை இருக்கிறது. முன்னால் இருந்ததைப் பிடுங்கிப் பின்னால் இருந்ததில் போட்டேன். இடது பக்கமும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எதையும் வலப்பக்கமாகத் தொடங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். "மாத்திட்டேன்" என்றேன். மாற்றியது உண்மைதானே?

அப்படியும் நின்றது. "சவம், என்ன எளவுக்கு வாங்கினோமோ" என்று லேப்டாப்பை மூடினேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்றும் நின்றது. கோழிக்குழம்பு நன்றாக வந்திருந்தது. வல்லி ஒரு துண்டு தின்றாள்.

ஜூலை 22, திங்கள்

போனைக் காட்டினால் எழுத்தைப் படிக்கிற ஒரு ஆப் வல்லியிடம் இருக்கிறது. மருந்து அட்டை, பஸ் போர்டு எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் சமாளிப்பாள். இன்று அதைத் திரைக்கு நேரே பிடித்தாள். அது "ஜீரோ ஜீரோ எஃப் எஃப் ஸ்டார் ஸ்டார்" என்று குடிகாரன் மாதிரி உளறிற்று. எழுத்து அவ்வளவு பொடி.

"ரெண்டு கண்ணோட குத்துக்கல்லாட்டம் நான் இருக்கையில போன் எதுக்குட்டி?" என்றேன்.

"உள்ளதுதாம்மா. நீ படிக்கதுதான் சுத்தம்."

அதைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுபடியும் படித்தேன், முன்பு படித்த மாதிரியே. இன்று திங்கட்கிழமை. இன்று அந்த வரியைப் படித்திருக்கலாம். விளக்கு நாள் இல்லை, விரத நாளும் இல்லை. வாய் வரவில்லை.

ஜூலை 24, புதன்

ஜெபசிங்குக்கு மண்டை காய்ந்துவிட்டது. மூன்றாவது பென்டிரைவும் வாங்கியாயிற்று. உள்ளே இருக்கிற மெமரியைக் கழற்றித் துடைத்துப் போடச் சொன்னான். வல்லி திருப்புளி வைத்து, விரலாலேயே தடவித் தடவிக் கழற்றி மாட்டினாள். எனக்குக் கூட அப்படி வராது. அதற்கும் மசியவில்லை.

"ஆன்ட்டி, நீங்க படிச்சதுக்கு மேல வேற வரி எதுவும் இருக்கா? ஏதாவது விட்டுப் போச்சா?"

"எல்லாம் படிச்சாச்சு."

"அப்பம் லேப்டாப்பே அவ்வளோதான் வல்லி. வேற யார்ட்டயாவது ஒண்ணு கேட்டு வாங்கப் பாரு."

யாரிடம் போய்க் கேட்பது? அவளுக்கு வேண்டிய அத்தனையும் ஏற்றிப் பழகி எடுக்கவே இரண்டு நாள் வேண்டும். இரவல் கொடுக்கிறவன் அதை வழித்துப்போட விடுவானா?

வல்லி அவனுக்குச் சரியென்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு, "நான் வரலைன்னு அவங்களுக்கு மெயில் போட்டுருதேம்மா. போன்லயே அடிச்சிருவேன்" என்றாள்.

"வெள்ளி வரைக்கும் பொறுட்டி."

"வெள்ளிக்கெழம மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிக்கப் போவுது? ரெண்டு வருசமா நான் என்ன பண்ணுதேன்னு யாராவது கேட்டா, அம்மைக்கு தொணையா இருக்கேன்னு சொல்லுதேன். ஒனக்கு நான் தொணையா, எனக்கு நீ தொணையா? நீயே சொல்லு."

ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன். போகிறது, வீட்டோடு இருக்கட்டும், அவள் அப்பா இல்லாத வீடு, நான் சம்பாதிப்பது இரண்டு பேருக்குப் போதாதா என்று ஒரு நினைப்பு ஓடிற்று. அது என்ன பாழாய்ப்போன நினைப்பு. இந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று இருந்தேன், பேனா நகரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தமாக ஒரு குரல்.

"அட்டெம்ப்ட்டட் டு கில்! கில்லாம் வல்லி! யாரக் கொல்லுதானோ தெரியல!"

மாடி வீட்டு ஸ்டெல்லா சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவளை வல்லி கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். நான் வருவதற்குள் வேறொரு கண்ணைக் கொண்டும் பார்த்துவிடலாம் என்று.

"அதுக்கு மேல படிங்க சிஸ்டர். ஒண்ணு விடாம" என்றது போனில் ஜெபசிங்கின் குரல்.

"ஐ ஓ எரர்... அது நெறைய இருக்கு. அதுக்கும் மேல, ஹோஸ்ட் கன்ட்ரோலர் நாட் ரெஸ்பாண்டிங், அஸ்யூம் டெட். அடுத்த வரி, ஹெச் சி டைட். டெட்டு, டைடுன்னு இது என்னப்பா, எங்க வார்டு மாதிரி இருக்கு!"

கையில் பூவோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"சிஸ்டர்!" ஜெபசிங் போனுக்குள் கத்தினான். "அந்த வரிய இன்னொரு தடவ படிங்க!"

அவள் படித்தாள், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது நோயாளி விவரம் ஒப்பிக்கிற மாதிரி, முகம் மாறாமல்.

"பென்டிரைவ் மேல ஒரு தப்பும் கெடையாது வல்லி! பென்டிரைவ் செருகுத ஓட்டைய மேய்க்கதுக்கு உள்ள ஒரு சில்லு உண்டு. அந்தச் சில்லுதான் பாதியில மயங்கி விழுந்துருது. அது விழுந்ததும் பென்டிரைவ் காணாமப் போயிரும், பொறவு எங்கேர்ந்து ஏறும்? எந்தப் பக்கத்து ஓட்டைல போட்டிருக்க?"

"வலப்பக்கம்."

"எடப்பக்கம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அதுல போடு. அதுக்கு வேற சில்லா இருக்கும்."

வல்லி பென்டிரைவைப் பிடுங்கி, லேப்டாப்பைத் தடவி, இடது பக்கம் செருகினாள். பட்டனை அழுத்தினாள். எழுத்து கொட்டிற்று. நான் பூவைக் கீழே வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் எங்கே நிற்குமோ அந்த இடத்தைத் தாண்டி ஓடிற்று. திரை நீலமாக மாறியது. அப்புறம் அந்த ஊமை வாயைத் திறந்தது. ஒரு ஆம்பிளைக் குரல், மூக்கடைத்த குரல், இங்கிலீஷில் ஏதோ சொல்லிற்று.

வல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பேசுது! ஜெபா, பேசுது!" ஸ்டெல்லா கை தட்டினாள். போனில் அவன் அல்லேலூயா போட்டான். முருகா, நெல்லையப்பா, காந்திமதி என்று எனக்கு வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா மாடிக்குப் போன பிறகுதான் வல்லி என் பக்கம் திரும்பினாள்.

"யம்மா. அந்த டெட்டுங்கற வரி மொத நாள்லயே இருந்துச்சா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "இருந்துச்சு."

"தெனமும் இருந்துச்சா?"

"தெனமும்தான்."

"அப்பம் ஏன் படிக்கல?"

"வெள்ளிக்கெழம, வெளக்கு எரியுத வீட்டுல அந்தச் சொல்லச் சொல்லலாமாட்டி?"

"ஒரு நாளைக்கு நூறு தடவ சவம், எளவுங்க. அது மட்டும் ஆகுமோ?"

"அது சும்மா வாயில வருது. அத எவன் சொல்லுன்னு நெனச்சு சொல்லுதான்?"

"சரி, திங்கக்கெழம? புதங்கெழம? ஜெபா கேட்டானே, வேற வரி இருக்கான்னு. என் வேலை போயிருக்கும்மா!"

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அந்தச் சொல்ல ஒம் முன்னால நான் சொல்ல மாட்டேன்! மதுர ஆஸ்பத்திரில அந்தப் பாவி டாக்டர் அதத்தான் சொன்னான்! ஒனக்கு ஏழு வயசு. காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்ச பிள்ளைய மடில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், கண்ணு நர்வ் டெட்டுங்கான், ஏதோ கருவேப்பில இல்லங்கற மாதிரி! அன்னைலேர்ந்து அந்தச் சொல் எனக்கு ஆகாது. கடையில மருந்து எக்ஸ்பயர் ஆயிட்டுன்னா கூட, டேட் முடிஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவேன்."

லேப்டாப் தன் பாட்டுக்கு மூக்கால் பேசிக்கொண்டிருந்தது. வல்லி அதைக் கையால் தடவிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "அன்னைக்கு நானும் அங்கனதானே இருந்தேன். ஒன் மடில."

"ஒனக்கு இங்கிலீஷு தெரியாதேட்டி அப்பம்."

"டெட்டுன்னா என்னன்னு தெரியாதா? கரப்பான்பூச்சிய அடிச்சிட்டு அப்பா அதத்தானே சொல்லுவாங்க."

இத்தனை வருஷமாக நான் அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்ததை அவள் என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கரப்பான்பூச்சியை நினைத்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தோம். பூ வாடிவிட்டது. அதைத்தான் சாமிக்குப் போட்டேன். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

ஜூலை 27, சனி

லினக்ஸ் முழுசாக ஏறிவிட்டது. காலையிலிருந்து வல்லி அந்த மூக்கடைப்பானோடுதான் குடித்தனம். அவன் பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. அவள் இன்னும் வேகமாகப் பேசச் சொல்லி முடுக்குகிறாள்.

ஸ்டெல்லாவுக்கு ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் கொடுத்தனுப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் படிக்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

பத்து மணிக்குத் தேர்வு. நான் கடைக்குப் போகவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மீன்காரம்மாவைத் தெரு முனையிலேயே மறித்து, "இன்னைக்கு ஒரு நாள் கத்தாமப் போ தாயி" என்றேன். பழைய பேப்பர்காரன் கேட்கவில்லை, அவனிடம் சண்டை போட்டேன். சண்டைச் சத்தம்தான் வீட்டுக்குள் அதிகமாகக் கேட்டதாம். கரண்டு போகவில்லை. லேப்டாப் நிற்கவில்லை.

வெளியே வந்தவள், "ஒரு டாக்டருக்குத் தொண்டையில கபம்மா, வார்த்தையே வெளங்கல. ஆனாலும் அடிச்சிட்டேன்" என்றாள். இட்லியை ஐந்தாறு விழுங்கினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பசித்துத் தின்கிறதைப் பார்க்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

மெயில் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். அறையில் மூக்கடைப்பான் கடகடவென்று ஏதோ சொல்வது கேட்டது. எனக்கு 'டியர்' என்பது மட்டும் புரிந்தது. வல்லி வாசல்படிக்கு வந்து நின்றாள்.

"யம்மா, எடுத்துக்கிட்டாங்க."

எச்சில் கையோடு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். சட்டையெல்லாம் சாம்பார். என்ன எழுதியிருக்கிறான், ஆதியோடந்தமாகப் படி என்றேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மூக்கடைப்பான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள். வேலையின் பேர். எத்தனை மணி நேரம். லீவு எப்படி. ஆவணி பிறந்த பிறகுதான் சேர வேண்டும், அதுவும் நல்லதுதான். நான் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்து பிசைந்து பிசைந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் படிக்க நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஓரிடத்தில் மூக்கடைப்பான் பேசினான். அவள் பேசவில்லை. அடுத்த வரிக்குப் போய், "அவ்வளோதாம்மா. வாழ்த்துகள்னு முடிச்சிருக்காங்க" என்றாள்.

"நடுவுல ஒண்ண விட்டுட்டயே."

"ஒண்ணுமில்ல. சும்மா ரூல்ஸ்."

"வல்லி. விட்டுப் படிக்கிறவள ஏமாத்தப் பாக்காத. அதுல நான் பழம் தின்னு கொட்ட போட்டவ."

லேப்டாப்பை மூடிவைத்தாள். "மொத ரெண்டு மாசம் சென்னையில ட்ரெய்னிங். ஹாஸ்டல் அவங்களே குடுப்பாங்க. கூட வேற யாரும் தங்கக்கூடாதாம்."

பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரி என்னைவிட்டு வேறு கூரையின் கீழ் படுத்ததில்லை.

"ஏன்ட்டி அத விட்ட?"

"நீ சோத்தத் தின்னு முடிக்கட்டும்னு பாத்தேன். பாதித் தட்டுல எந்திரிச்சிருவ."

முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். எனக்கு என்னென்னவோ வாயில் வந்தது. சாலை எப்படிக் கடப்பாய், தலைக்கு யார் எண்ணெய் தேய்ப்பார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய். எல்லாவற்றையும் விட்டேன். இதை விட்டால் தப்பில்லை.

"போயிட்டு வா" என்றேன்.

அவள் மூச்சு விட்டது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மோரை ஊற்றி, தட்டில் இருந்த மிச்சச் சோற்றையும் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டேன்.